முதலெழுத்தில் வைத்த பெயர்

என் அம்மா விடியற்காலையில் எழுந்ததும் ஒரு சங்கீதம் வாசிப்பாள். வீடு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பாள். வரிசையாக வந்து நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தைத் தொட்டால் அது முடியப் பல நாள் ஆகும், 176 வசனம். எட்டு வசனத்துக்கு ஒரு முறை, மேலே ஒரு சொல் தனியாக நிற்கும். ஆலெப். பேத். கிமெல். வசனத்துக்குக் கொடுக்கிற அதே மரியாதையோடு அந்தச் சொற்களையும் வாசிப்பாள். ஏழெட்டு வயதில் ஒரு நாள் கேட்டேன்: "ஆலெப்னா என்னம்மா?"

"அது கர்த்தருக்குத் தெரியும். நீ வாசி."

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் என் கேள்வி அப்படியே நின்றுபோனது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு, எருசலேமில், ஒரு மூதாட்டியின் விரல் நுனியிலிருந்து அதற்குப் பதில் வந்தது. அந்த இரவும் அதைத் தொடர்ந்த விடியலும் எனக்குள் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம் எங்கள் சபையாரோடு புனித பூமிக்குப் போயிருந்தேன். பெத்லகேம், நாசரேத்து, கலிலேயாக் கடல், கல்வாரி என்று எட்டு நாள். கூட வந்தவர்கள் ஊர் திரும்ப, நான் மட்டும் மூன்று நாள் தங்கினேன். என் சித்தி மகள் அங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். "அக்கா, அம்மாம்மா மட்டாஞ்சேரியில பிறந்தவங்க. மலையாளம் பேச ஆள் கிடைச்சா விடமாட்டாங்க. வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள்.

அம்மாம்மா கொச்சி யூத குலத்தவர். 1954-ல், பதினாறு வயதில், பெற்றோரோடு கப்பலேறி இஸ்ரேலுக்கு வந்தவர். மகள் வீட்டில் இருந்தார். மருமகன் அலெப்போவிலிருந்து வந்த குடும்பம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓய்வுநாள் தொடங்கிவிட்டதால் அடுப்பு அணைந்திருந்தது, தொலைபேசி அலமாரிக்குள் போயிருந்தது. மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி மூடிய இரண்டு அப்பம், மஞ்சளும் கறிவேப்பிலையும் மணக்கும் மீன் கறி. வெளியே எருசலேமின் குளிர் எலும்பைத் தொட்டது. உள்ளே எனக்கு எங்கள் ஊர் வாசனை.

சாப்பாடு முடிந்ததும் யாரும் எழவில்லை. மருமகன் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நம் வீடுகளில் குடும்ப ஜெபத்தில் பாடுவதுபோலத்தான். சுருதி சேராத குரலும் உண்டு, முன்னால் ஓடிவிடும் குழந்தையும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு! மேலே போக மறுத்து ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, சட்டென்று ஒரு படி ஏறிக் கெஞ்சும் மெட்டு. எனக்கு மொழி தெரியாது. நெஞ்சு மட்டும் முன்பே கேட்டதுபோல அதன் பின்னால் போயிற்று.

அம்மாம்மா என் முகத்தைப் பார்த்தார். "மோளே, இங்கே வா" என்று பக்கத்தில் இருத்திக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஓய்வுநாளில் எழுதக் கூடாது. அதனால் விரலால் காட்டினார். வலது ஓரத்தில், முதல் சரணத்தின் முதல் எழுத்தைத் தொட்டார்: "யோத்." அடுத்த சரணத்துக்கு விரல் இறங்கியது: "ஷீன்." அடுத்தது: "ரேஷ்." நான்காவது சரணத்தைத் தொட்டுச் சொன்னார்:

"ஆலெப்."

எனக்கு மூச்சு நின்றது. அம்மாவின் குரல் அந்த மேசையில் கேட்டது.

"லாமெத்" என்று ஐந்தாவதையும் தொட்டு முடித்தார். "சேர்த்து வாசி. இஸ்ராயேல். அதுதான் இதைப் பாடினவன் பேரு. பாட்டுக்குள்ளே வச்சிருக்கான். பாடினா தெரியாது. பார்த்தாத்தான் தெரியும்."

பிறகு முதல் எழுத்துக்கே விரலைத் திரும்பக் கொண்டுபோனார். "பாட்டு 'யா'ன்னு தொடங்குது. 'யா'ன்னா கர்த்தருடைய நாமம். அந்த நாமத்துக்கும் யோத். இவன் பேருக்கும் யோத். ரெண்டுக்கும் ஒரே எழுத்து, மோளே."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

பாட்டின் பெயர் 'யா ரிப்போன்'. அரமேய மொழிப் பாட்டு. பாடியவர் இஸ்ராயேல் நஜாரா. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து, கடைசியில் காசா நகரத்து ரபியாக இருந்து அங்கேயே மறைந்தவர். தெருவில் கேட்ட துருக்கி, அரபு, ஸ்பானியக் காதல் பாட்டுகளின் மெட்டை எடுத்துக் கர்த்தருக்குச் சூட்டினார். அப்போது அவரைக் கண்டித்தவர்கள் உண்டு. 1587-ல் கலிலேயாவின் சாபேத் நகரில் அவர் பாட்டுகள் அச்சேறின. இன்றைக்குப் பல நாட்டு யூதர்களின் ஓய்வுநாள் மேசையில் 'யா ரிப்போன்' வருகிறது.

யூதர்கள் இப்படிப்பட்ட வழிபாட்டுக் கவிதையை 'பியூத்' என்பார்கள். பாடுகிறவர் 'பைதான்'. கவிஞன் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். வேதத்தில் உள்ள சங்கீதங்களோடு பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முடியவே இல்லை! தாவீதின் வீணை கைமாறிக் கைமாறி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டப்பட்டு வந்திருக்கிறது. ஊர் திரும்பியதும் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அம்மாம்மாவின் விரல் ஒவ்வொரு பக்கத்திலும் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது.

கி.பி. 70-ல் எருசலேம் தேவாலயம் இடிந்தது. பலிபீடம் இல்லை, பிரதான ஆசாரியன் இல்லை, தூபம் இல்லை. கர்த்தருக்கு என்னத்தைக் கொண்டுபோவது? சொல்லைக் கொண்டுபோனார்கள். பெயர் தெரிந்த பைதான்களில் மிகப் பழையவர் யோசே பென் யோசே. ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டு. பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய்வந்ததை, அவன் குளித்தது, உடுத்தியது, இரத்தம் தெளித்தது எல்லாவற்றையும் அகர வரிசையில் ஒரு நெடும்பாட்டாகப் பாடினார். அந்த நாளில் பிரதான ஆசாரியன் தேவனுடைய நாமத்தை வாய்விட்டு உச்சரிப்பான்; கேட்ட ஜனங்கள் முகங்குப்புற விழுவார்கள். ஆலயம் போய் எத்தனை நூற்றாண்டு! இன்றும் பாவநிவிர்த்தி நாளில் அந்த வரலாற்றைச் சொல்லும் பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது பல சபைகளில் ஜனங்கள் தரையில் விழுகிறார்கள். ஆலயம் சொல்லுக்குள் நிற்கிறது. ஆசாரியனும் சொல்லுக்குள் நடக்கிறான்.

அந்த நாமத்தை முழுதாக இன்று யாரும் உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் 'அதோனாய்' என்பார்கள். சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்' என்பார்கள். 'அந்தப் பெயர்' என்று அர்த்தம். கர்த்தர் தம் பெயரை மறைவில் வைத்திருக்கிறார். அவரைப் பாடியவர்களும் தங்கள் பெயரை மறைவில் வைத்தார்கள். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. ராஜா முக்காடிட்டிருக்கும் சபையில் ஊழியக்காரன் தலைநிமிர்ந்து தன் பெயரைக் கூவுவானா?

முதன்முதலாகத் தன் பெயரை முதலெழுத்துகளில் வைத்தவராக அறியப்படுகிறவர் யன்னாய். 6-ஆம் நூற்றாண்டளவில் பாலஸ்தீன மண்ணில் வாழ்ந்தவர். எபிரெயுப் பாட்டில் எதுகையை முறையாகக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த நாட்டில் அன்று மோசேயின் ஐந்து ஆகமங்களை மூன்று ஆண்டுக்கு மேல் சிறிது சிறிதாக வாசித்து முடிப்பார்கள். ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் அன்றைய பகுதிக்கேற்ப யன்னாய் ஒரு புதுப் பாட்டுத் தொகுதி செய்தார். அத்தனையும் ஒரே இடத்தை நோக்கி ஏறும். ஏசாயா கண்ட சேராபீன்கள் மூன்று முறை சொல்லும் அந்தப் பரிசுத்தச் சொல்லில் போய் முடியும். பாடுகிறவனும் சபையும் தூதரும் ஒரே வாயாகும் இடம் அது.

இப்படிப் பாடியவர் மறைந்துபோனார். அவர் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாம் வழக்கொழிந்தன. பஸ்கா இரவில் குடும்பமாக உட்கார்ந்து பாடும் ஒரு பாட்டு, நடுராத்திரியில் கர்த்தர் செய்தவைகளைச் சொல்லும் பாட்டு, அவருடையதுதான். வீட்டுக்கு வீடு பாடினார்கள். யாருடையது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

அவர் திரும்பி வந்த கதையைப் படித்த அன்று நான் முழங்காலில் நின்றேன்.

தேவனுடைய நாமம் எழுதிய தாளை யூதர்கள் எரிக்கமாட்டார்கள், குப்பையில் போடமாட்டார்கள். கிழிந்துபோனால் அதற்கென்று உள்ள அறையில் இட்டுவைத்து, பிற்பாடு மண்ணில் அடக்கம் செய்வார்கள். அந்த அறைக்குக் 'கெனிசா' என்று பெயர். பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் கெனிசாவில் மட்டும் அடக்கம் நடக்காமல், ஆயிரம் ஆண்டுத் தாள்கள் குவிந்துகொண்டே போயின. 1896-ன் கடைசியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய், தூசியில் மூச்சுத் திணற அள்ளியெடுத்து, இரண்டு லட்சத்துக்குச் சற்றே குறைவான துண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

அவற்றில் சில தோல் ஏடுகள். தோல் விலை அதிகம். அதனால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக எழுதுவார்கள். அடியில் மங்கலாக இருந்தது அக்விலா என்பவரின் கிரேக்க வேத மொழிபெயர்ப்பு. உலகம் முழுக்க அறிஞர்கள் அந்த அடி எழுத்துக்காகப் பரபரத்தார்கள். மேலே கறுப்பாக, தெளிவாக, எபிரெயு வரிகள் இருந்தன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. இஸ்ரேல் டேவிட்சன் என்ற அறிஞர் அந்த மேல் எழுத்தை வாசித்தார். வரிகளின் முதலெழுத்துகளில் ஒரு பெயர் நின்றுகொண்டிருந்தது. யன்னாய். 1919-ல் நியூயார்க்கில் அதைப் புத்தகமாக்கினார். 1938-ல் பெர்லினில், யூதர்மேல் இருள் கவிந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், மெனாஹெம் ஸூலாய் மேலும் பல துண்டுகளைச் சேர்த்துப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார்.

யோசித்துப் பாருங்கள். கர்த்தருடைய நாமம் இருக்கிறதே என்றுதான் அந்தத் தோலை யாரும் அழிக்கவில்லை. அவருடைய நாமம் காத்ததால் அவரைப் பாடியவனின் பெயரும் பிழைத்தது. உம் நாமத்தைப் பாடினேன், என் பெயரை நீர் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு மனிதன் ஒப்படைத்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் கணக்குத் தவறவில்லை.

*

யன்னாயின் மாணவர் எலெயாசார் பென் கில்லிர் என்று சொல்வார்கள். சீடனின் பாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டு ஆசிரியர் அவர் செருப்பில் தேளை விட்டார் என்று ஒரு பழங்கதை. கதையை விடுவோம். கில்லிர் நூற்றுக்கணக்கில் பாடினார். சொல் போதாதபோது புதுச் சொல் செய்துகொண்டார். இஸ்ரவேல் தேசத்தில் மாரிக்காலம் முடிந்தால் அடுத்த இலையுதிர் காலம் வரை மழை கிடையாது. செடிகொடி பனியை நம்பித்தான் உயிர்வைத்திருக்கும். பஸ்காவின் முதல் நாளில் பனிக்காகவும், கூடாரப் பண்டிகை முடிவில் மழைக்காகவும் ஜெபிக்கக் கில்லிர் பாட்டு செய்து கொடுத்தார். ஐரோப்பாவின் பனிக்கட்டி நாடுகளுக்குப் போன பிறகும், கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும், ஜெபம் நடத்துகிறவர் வெள்ளை அங்கி உடுத்தி நிற்க, யூதர்கள் அந்தத் தேசத்துக்குப் பனி கேட்டார்கள். குமரி மாவட்டத்தில் ஆனியிலும் ஐப்பசியிலும் வானம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஜெபத்தின் தாகம் புரிகிறது.

பிறகு பாட்டு மேற்கே ஸ்பெயினுக்குப் போயிற்று. 10-ஆம் நூற்றாண்டில் துனாஷ் பென் லப்ராத் அரபு யாப்பை எபிரெயுவுக்குள் கொண்டுவந்தார். அவர் பாடிய ஓய்வுநாள் பாட்டிலும் துனாஷ் என்ற பெயர் முதலெழுத்துகளில் இருக்கிறது. அதே கெனிசாவில் அவர் மனைவி எழுதிய ஒரு கவிதையும் கிடைத்தது. கணவன் ஸ்பெயினை விட்டுப் பிரிந்துபோகிற நேரம். கையில் ஒரே பிள்ளை. இருவரும் நினைவுக்காக மோதிரமும் காப்பும் மாற்றிக்கொள்கிறார்கள்; மேலாடையும் மாற்றிக்கொள்கிறார்கள். எஸ்ரா ஃபிளைஷர் என்ற அறிஞர் துண்டுகளைப் பொருத்தி அது அவளுடையது என்று கண்டுபிடித்தார். சின்னக் கவிதை. ஆனால் படித்தவர்கள் கணவனைவிட மனைவி பெரிய கவி என்றார்கள்.

அவள் பெயர் எங்கும் இல்லை. 'துனாஷ் பென் லப்ராத்தின் மனைவி' என்று மட்டும் தலைப்பில் எழுதியிருக்கிறது. நான் அங்கே வெகுநேரம் நின்றேன். முதலெழுத்தில்கூடத் தன் பெயரை வைக்காமல் போன அந்தத் தாய்க்காக அழுதேன். அந்தப் பெயரையும் கர்த்தர் அறிவார், அம்மா சொன்னதுபோல.

மலாகாவில் பிறந்த சாலமன் இப்னு கபிரோல் சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். தோல்நோய் அவரை வாட்டியது. 11-ஆம் நூற்றாண்டில், நாற்பது வயதைத் தொடாமலே போய்விட்டார் என்பார்கள். அதற்குள் 'கேதெர் மல்கூத்', ராஜ கிரீடம், என்ற பெரும் ஜெபக்கவிதையைத் தந்தார். தேவனுடைய மகத்துவத்தில் தொடங்கி, சந்திரன், சூரியன், நட்சத்திர மண்டலங்கள் என்று ஒவ்வொரு வானமாக ஏறி, எல்லாவற்றுக்கும் மேலே போய், அங்கிருந்து ஒரு பாவியாகக் கீழே விழுந்து கதறி முடிகிறது. பாவநிவிர்த்தி நாள் இரவில் இன்றும் அதை வாசிக்கிறார்கள். அவர் எழுதிய தத்துவ நூல் ஒன்று லத்தீனில் 'அவிசெப்ரோன்' என்ற பெயரில் சுற்றியது. யாரோ ஓர் இஸ்லாமியர் என்றும் கிறிஸ்தவர் என்றும் நினைத்தார்கள். 1846-ல்தான் சாலமன் முங்க் என்ற அறிஞர் அது நம் கபிரோல் என்று காட்டினார். தத்துவத்தில் தொலைந்த பெயர், ஜெபத்தில் ஒரு நாளும் தொலையவில்லை. காலை ஜெபத்தின் வாசலில் பாடும் அவருடைய சின்னஞ்சிறு பாட்டில் நான்கே எழுத்து: ஷ்லோமோ.

யூதா ஹலேவியைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது. வைத்தியர். செல்வாக்குள்ளவர். எண்ணூறுக்குக் குறையாத ஆண்டுகளாக எருசலேம் இடிந்த நாளில் தரையில் உட்கார்ந்து யூதர்கள் பாடும் சீயோன் பாட்டு அவருடையது. பாடிவிட்டு ஸ்பெயினிலேயே சுகமாக இருந்திருக்கலாம். பாடினால் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரே மகளையும் பேரனையும் விட்டு, முதுமையில், கடலில் இறங்கினார். 1140 செப்டம்பரில் அலெக்சாந்திரியா வந்தார். எகிப்தில் எல்லாரும் விருந்து வைத்தார்கள், இங்கேயே இருந்துவிடுங்கள் என்றார்கள். அவருடைய நெருங்கிய நண்பர் ஹல்ஃபோன் பென் நெத்தானெயேல் இந்தியாவோடு வாணிபம் செய்தவர். நம் மேற்குக் கடற்கரையின் மிளகு போன வழி அது. அந்த நண்பருக்கு ஹலேவி தம் கையாலேயே எழுதிய கடிதங்களும் கெனிசாவில் கிடைத்து, எஸ்.டி. கோய்த்தைன் என்ற அறிஞரால் வெளிவந்தன. 1141 மே மாதம், துறைமுகத்தில் காற்றுக்காகக் காத்திருந்து, ஹலேவி கப்பலேறினார். அதே ஆண்டிலேயே இறந்துபோனார். எருசலேம் வாசலில் தம் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு குதிரைவீரன் மிதித்துக் கொன்றான் என்பது பிற்காலத்துப் பக்திக்கதை. போய்ச் சேர்ந்தாரோ இல்லையோ, பாட்டைப் போலவே உடம்பையும் கொண்டுபோனார். பாடுகிற எல்லாருக்கும் அதில் ஒரு கேள்வி இருக்கிறது.

ஜெர்மானிய ரைன் நதிக்கரையில் வேறு கதை. 1096-ல் சிலுவைப்போர்க் கும்பல்கள் அங்கிருந்த சபைகளை வெட்டிச் சாய்த்தன. அந்த நாட்டில் புத்தாண்டிலும் பாவநிவிர்த்தி நாளிலும் பாடும் மிகப் பெரிய பாட்டு 'உன்தானே தோக்கெஃப்'. நியாயத்தீர்ப்பின் நாளில் எல்லா உயிரும் மேய்ப்பன் முன் ஆடுகளாகக் கடந்துபோவதைச் சொல்வது. மதம் மாற மறுத்துக் கைகால் வெட்டப்பட்ட மைன்ஸ் நகரத்து ரபி அம்னோன் உயிர்விடும்போது பாடியது என்று மரபு சொல்கிறது. பாட்டு அதைவிடப் பழையது என்பதைக் கெனிசாத் துண்டுகள் காட்டுகின்றன. அதன் முதலெழுத்துகளில் பெயர் இல்லை. ஆனாலும் ஒரு சபை தன் இரத்தசாட்சியின் பெயரை அதற்கு இட்டு அழைக்கிறது. பாட்டு எழுதியவனுக்கு மட்டும் சொந்தமில்லை; அதைச் சொல்லி உயிர்விட்டவனுக்கும் சொந்தம்.

*

தூக்கம் வராத அந்த இரவு, விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாம்மாவின் மகள் வந்து என் தோளைத் தொட்டார். "வா. நடக்கலாம்."

நஹ்லாவோத் பகுதியின் சந்துகளில் கல் வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தன. அங்கே 1901-ல் அலெப்போ யூதர்கள் கட்டிய ஆதேஸ் ஜெப ஆலயம் இருக்கிறது. கூடாரப் பண்டிகை முடிந்ததிலிருந்து பஸ்கா வரை, குளிர்காலத்து ஓய்வுநாள்தோறும், இருள் பிரியுமுன் அங்கே கூடிப் பாடுகிறார்கள். 'பக்காஷோத்' என்று பெயர். விண்ணப்பங்கள் என்று பொருள். நாங்கள் பெண்கள் பகுதியில் உட்கார்ந்தோம். கீழே முத்துச்சிப்பி இழைத்த மரவேலையில் விளக்கு வெளிச்சம் மின்னியது. கிழவர்கள், வாலிபர்கள், தூக்கக் கண்ணோடு சிறுபிள்ளைகள். சூடான தேநீர் கைமாறியது.

ஒரு பக்கத்து வரிசை ஒரு அடி பாடும். எதிர்ப்பக்கத்து வரிசை அடுத்த அடியை வாங்கும். வாங்கிக் கொடுத்து, வாங்கிக் கொடுத்து, பாட்டு ஓர் ஊஞ்சலாகும். ஒரு பாட்டு முடிந்ததும் ஒருவர் தனியாகக் குரலெடுப்பார். அரபு இசையில் 'மக்காம்' என்பது நம் ராகம் மாதிரி. முடிந்த பாட்டின் மக்காமிலிருந்து வரப்போகும் பாட்டின் மக்காமுக்கு, தாளமில்லாமல், ஒற்றைக் குரலில் அவர் எல்லாரையும் கைபிடித்துக் கூட்டிப்போவார். அலெப்போவில் இப்படிப் பாட்டுக் கொடுத்த ரஃபாயேல் அந்தெபி கண்ணிழந்தவர். அரபுப் பாட்டை ஒரு தடவை கேட்டு, அந்த மெட்டில் எபிரெயுத் துதி கட்டிவிடுவாராம். மொரோக்கோவின் கடைசிப் பெரும் பைதான் தாவீத் புஸாக்லோவும் (1903–1975) நடுவயதில் பார்வை இழந்தவர். ஏமன் நாட்டு ஷாலோம் ஷபாஸி 17-ஆம் நூற்றாண்டின் ஏழை நெசவாளி. தறியில் உட்கார்ந்தவர் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் தம் பெயரை நெய்துவைத்தார். தாயிஸ் நகரத்தில் அவர் கல்லறையைத் தேடி இஸ்லாமியரும் போனார்கள்.

நாலு மணி, ஐந்து மணி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்து தனியாகப் பாடினான். குரல் மெலிசு. மேலே ஏறும்போது உடைந்துவிடுமோ என்று பயந்தேன். உடையவில்லை. அவன் நின்ற இடத்தில் சபை முழுவதும் "ஆமென்" என்றது. என் வாயும் "ஆமென்" என்றது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆமென் எபிரெயுச் சொல். ஓசன்னா எபிரெயுச் சொல். அல்லேலூயா எபிரெயுச் சொல். பேச்சு வந்த நாள் முதல் இந்த மொழியில் நான் கர்த்தரோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்! அல்லேலூயாவின் கடைசியில் நிற்கிற 'யா' எது? முந்தின இரவு அம்மாம்மா விரல் வைத்த அதே 'யா'. அந்தத் திருநாமத்தின் சுருக்கம். மார்த்தாண்டம் ஓட்டுக்கூரைச் சபையில், பாயில் உட்கார்ந்து, கைதட்டி, நான் அறியாமலே அந்த நாமத்தை ஆயிரமாயிரம் தடவை உச்சரித்திருக்கிறேன்.

ஆண்டவரே! எத்தனை பேரை வைத்து எனக்கு இந்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தீர்! இடிந்த ஆலயத்தின் வாசலில் நின்றவன், தோல் ஏட்டில் ஒளிந்தவன், நோயோடு வானம் ஏறியவன், மகளை விட்டுக் கடல் ஏறியவன், தறியில் உட்கார்ந்தவன், கண்ணில்லாதவன், பெயரே இல்லாத ஒருத்தி. பின்னாளில் படித்து அறிந்த அவர்கள் எல்லாரும் கீழே அந்த வரிசைகளில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததாக இன்று நினைக்கையில் காண்கிறேன். அன்று அங்கே என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கழுத்தை நனைத்தது. துடைக்கத் தோன்றவில்லை. ஒலிப்பதிவு செய்ய வழியில்லை, குறித்துக்கொள்ள வழியில்லை, ஓய்வுநாள். காதும் இருதயமும் மட்டுமே. ஜன்னலில் வெளுப்பு தட்டியது. அம்மா எழுந்து சங்கீதம் வாசிக்கும் நேரம்.

*

விடைபெறும்போது அம்மாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கொச்சியிலே பெண்ணுங்களும் பாடும், மோளே. எபிரெயுவிலேயும் பாடும், மலையாளத்திலேயும் பாடும். நோட்டுப் புத்தகத்திலே எழுதி வைப்போம். ஊருக்குப் போனா நெஹெமியா மோத்தாவைப் பார்த்துட்டு வா. ஒரு மெழுகுவர்த்தி வை. என் பேரைச் சொல்லு."

போனேன். அடுத்த ஆண்டு கொச்சிக்கு. மட்டாஞ்சேரியில், வீடுகளுக்கு நடுவே, வெள்ளையடித்த ஒரு கல்லறை. நெஹெமியா மோத்தா, கொச்சி யூதர்கள் பண்டிகைகளில் பாடிய எபிரெயுப் பாட்டுகளின் கவிஞர். கல்லறையில் பொறித்த நாள் யூத ஆண்டு 5376, கிஸ்லேவ் மாதம் 25. நம் கணக்கில் 1615 டிசம்பர். விளக்குப் பண்டிகை தொடங்கும் நாள். அவரைச் சுற்றி வாழ்ந்த யூதர்கள் ஏறக்குறைய எல்லாரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர் பாட்டுகள் அவர்களோடு போய்விட்டன. கல்லறை மட்டும் தனியாக இல்லை. இந்துக்கள் வருகிறார்கள், இஸ்லாமியர் வருகிறார்கள், எங்களவர் வருகிறார்கள். மெழுகுவர்த்தி வைக்கிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள். அவர் கவிஞர் என்று அங்கே பலருக்குத் தெரியாது. அம்மாம்மாவின் பேரைச் சொன்னேன். பெயர் தெரியாத துனாஷின் மனைவிக்கும் ஒன்று ஏற்றினேன்.

இதை வாசிக்கிறவர்கள் எந்த ஆலயத்தில் எந்த மொழியில் பாடுகிறவர்களானாலும் ஒரு வேண்டுகோள். உங்களை அழவைத்த ஒரு பாட்டு இருக்கும். அதைச் செய்தவர் பெயர் பாட்டின் கடைசிச் சரணத்திலோ புத்தகத்தின் ஓரத்திலோ சின்ன எழுத்தில் இருக்கும். இன்றைக்குத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பாடி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் பாடுங்கள். அந்தப் பெயர் கர்த்தருக்குத் தெரியும்.